மைதானப் பயிற்சியா? சம்பளமில்லாத சேவகமா?

வாசலூர்பட்டியில் படகு இல்லத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், மரவள்ளி பிடுங்கிய ஒரு மேட்டு நிலம் வரும். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். கோடு சுண்ணாம்பில் போட்டதல்ல. அடுப்புச் சாம்பலில் போட்டது. காற்றடித்தால் கோடு பறந்து விடும். மறுபடியும் போடுவார்கள்.

அந்த ஆட்டத்தை நடத்துகிறவர் ஒரு வாலிபர். மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை. வார நாட்களில் வாடகைச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். பலாவும் அன்னாசியும் மிளகு மூட்டையும் ஏற்றிக் கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதும், அரிசி, சிமெண்டு ஏற்றிக் கொண்டு திரும்புவதும் அவர் வேலை. நான் ஒருமுறை அந்த வண்டியில் காரவள்ளி அடிவாரம் வரை வந்தேன். வழியில்தான் தெரிந்தது, அவர் பி.பி.எட். படித்தவர் என்று. உடற்கல்விப் பட்டதாரி! நானோ பத்தாவதோடு நின்றவன். மலையில் பட்டம் வாங்கியவன் ஸ்டியரிங் பிடிக்கிறான், பத்தாவது படித்தவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"படிப்பு வீண் இல்லை அண்ணா. பயிற்சிதான் வீணாப் போச்சு" என்றார்.

இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

உடற்கல்வி படிக்கிற மாணவனுக்கும் விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்புப் படிக்கிறவனுக்கும் பாடத் திட்டத்தில் களப் பயிற்சி என்று ஒன்று உண்டு. கல்லூரியை விட்டு வெளியே போய் ஒரு பள்ளிக்கூடத்திலோ, விளையாட்டு மன்றத்திலோ, பயிற்சி மையத்திலோ சில வாரங்கள் வேலை செய்து பழக வேண்டும். நல்ல ஏற்பாடு. இதை யாரும் குறை சொல்ல முடியாது. நீச்சலைப் புஸ்தகத்தில் படித்து எவனும் கரை ஏறியதில்லை. 40 பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கும்படி செய்வது எப்படி என்பது மைதானத்தில் நின்றால்தான் புரியும். 2014ம் வருஷத்தில் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில், ஒரு வருஷமாக இருந்த பி.பி.எட். படிப்பை 2 வருஷமாக்கியது. படிப்பு நீண்டது, சம்பளமில்லாமல் கழிகிற காலமும் நீண்டது, தகப்பனார் வாங்கும் கடனும் நீண்டது. அந்தக் கூடுதல் வருஷத்தில் மாணவன் தொழிலைக் கற்றானா என்பதல்லவா கேள்வி?

நம் வாலிபர் கற்றது என்ன? கேளுங்கள்.

அவரைச் சமவெளியில் ஒரு தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளியின் பேர் வேண்டாம். ஒரு பேரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று அர்த்தமாகிவிடும். முதல் வாரம் காலையில் பள்ளி பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் விசில் ஊதிப் பிள்ளைகளை இறக்கி விட்டார். இரண்டாவது வாரம் ஆண்டு விழா வந்தது. நாற்காலி போட்டார், மேடைக்குக் கயிறு கட்டினார், அணிவகுப்புக்குப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்தார். மூன்றாவது வாரம் பரீட்சை. 10ம் வகுப்புக்கும் 12ம் வகுப்புக்கும் விளையாட்டுப் பீரியடே கிடையாது. அந்த நேரத்தைக் கணக்கு உபாத்தியாயர் எடுத்துக் கொண்டார். சின்ன வகுப்புகளுக்கு ஒரு பந்தைப் போட்டு "ஆடுங்கடா" என்று விட்டு விட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நான்காவது வாரம் பாடக் குறிப்பு நோட்டைக் கொடுத்தார்; ஒரே மூச்சில் அத்தனை பக்கத்திலும் கையெழுத்து விழுந்தது. கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு ஒருவர் வந்தார். தலைமை ஆசிரியர் அறையில் டீ குடித்தார். போனார்.

பஸ் சார்ஜும் சாப்பாடும் கைக்காசு. தங்க இடமில்லாமல் சிநேகிதன் அறையில் படுத்திருக்கிறார். அந்தப் பள்ளிக்கோ ஒரு மாதம் சம்பளமில்லாத ஆள் கிடைத்தான். அடுத்த மாதம் அடுத்த ஆள் வருவான். வருஷம் முழுவதும் இப்படி ஆள் வந்து கொண்டிருந்தால், சம்பளம் கொடுத்து ஓர் உடற்கல்வி ஆசிரியரை வைக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? படித்து முடித்ததும் தனக்குக் கிடைக்க வேண்டிய வேலையை, படிக்கும் போதே தானே இலவசமாகச் செய்து அழித்து விட்டு வருகிறான் மாணவன். இந்த விசித்திரத்தை யாராவது கவனித்தீர்களா?

ஐ.டி.ஐ. படித்தவன் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் 1961ம் வருஷத்துச் சட்டப்படி அவனுக்கு உதவித் தொகை கொடுத்தாக வேண்டும். அது போதாது என்று தொழிற்சங்கங்கள் போராடுகின்றன. அது வேறு விஷயம். சட்டம் என்று ஒன்றாவது இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து ஆஸ்பத்திரியில் பயிற்சி செய்யும் டாக்டருக்கும் உதவித் தொகை உண்டு. விசில் கட்டியவன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்து ஒரு நூற்றாண்டு தாண்டி விட்டது. தேகப் பயிற்சி என்பது கசரத்தும் சிலம்பமும் மட்டுமல்ல, படித்துக் கற்பிக்க வேண்டிய ஒரு சாஸ்திரம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் நம் நாட்டில் பரவியது. 1957ல் குவாலியரில் லட்சுமிபாய் பேரில் கல்லூரி வந்தது. 1961ல் பாட்டியாலா மகாராஜாவின் மோத்தி பாக் அரண்மனையில் பயிற்சியாளர்களை உருவாக்கும் தேசிய நிலையம் வந்தது. மகாராஜா படுத்துறங்கிய இடத்தில் பயிற்சியாளர்கள் படிக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷமான விஷயம்தான். தமிழ்நாட்டில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகச் சட்டம் 2004ல் நிறைவேறியது. சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் அதன் வளாகம் இருக்கிறது. ஸ்தாபனங்களுக்குக் குறைவில்லை. இந்த ஸ்தாபனங்களில் படிக்கிற பிள்ளைக்கும், கொல்லிமலையில் சாம்பல் கோட்டில் ஆடுகிற பிள்ளைக்கும் நடுவில்தான் பாதையில்லை.

மலையில் என்ன இருக்கிறது?

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். வளவந்திநாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, தேவனூர்நாடு என்று ஒவ்வொன்றும் ஒரு 'நாடு'. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி சுமார் 40,000 பேர், பெரும்பாலோர் பழங்குடி மக்கள். ஒவ்வொரு ஊரும் சில குடிசைக் கூட்டங்கள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்கிப் போக வேண்டும். பள்ளிக்கூடங்கள் சின்னவை. சமவெளிப் பள்ளி போல ஆயிரம் பிள்ளைகள் இங்கே வர மாட்டார்கள்.

இங்கேதான் சட்டம் காலை வாரி விடுகிறது. 2009ம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். 6 முதல் 8 வரை வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதி நேர ஆசிரியர் உண்டு என்கிறது அது. 100க்குக் கீழே? அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு இல்லை போலிருக்கிறது! மலையிலும் காட்டிலும் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடங்களை ஒரே வரியில் விலக்கி வைத்து விட்டார்கள். டெல்லியில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. மலை அவர்கள் ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, 100க்கு மேல் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் கிடைத்தது என்ன? 2012ல் தமிழ்நாட்டு சர்க்கார் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து. வாரத்தில் 3 அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பட்டதாரிக்கு 5,000 ரூபாய்! பலர் விட்டுப் போனார்கள், சிலர் செத்தும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் சென்னைக்கும் கோட்டைக்குமாக நடந்தார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. தன் அறிக்கையில் இவர்களை நிரந்தரம் செய்வோம் என்று எழுதிக் கொடுத்தது. 2023ல் கிடைத்தது 2,500 ரூபாய் உயர்வு அறிவிப்பு. 10,000 என்பது 12,500 ஆயிற்று. நிரந்தரம் என்று கேட்டவனுக்குச் சில்லறை கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் 2024ல் விளையாட்டு உபகரணத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் உள்ள 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் பேரில் கிரிக்கெட் மட்டை, வாலிபால், கைப்பந்து வலை, எடைக் கருவி என்று 33 வகைச் சாமான்கள் கொண்ட தொகுப்பு. இதை நான் கேலி செய்யப் போவதில்லை. எங்கள் காலத்தில் துணியைச் சுருட்டிப் பந்தாக்கி ஆடினோம். கிராமத்துப் பிள்ளை கையில் உண்மையான பந்து வருவது நல்ல காரியம். ஆனால் எடைக் கருவியை 12 வயதுப் பையன் தூக்கலாமா, எத்தனை கிலோ தூக்கலாம், முதுகை எப்படி வைத்துக் கொள்ள வேண்டும் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஈட்டியை யார் கையில் கொடுப்பது? உடைந்து போனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சாமானைப் பூட்டி வைப்பதுதான் எந்த ஆபீசிலும் நடக்கிற சம்பிரதாயம். சாமான் வந்தது, கற்பிக்கிற ஆள் வரவில்லை.

ஆள் எங்கே? சரக்கு வண்டி ஓட்டிக் கொண்டிருக்கிறார்.

ஆகவேதான் சொல்கிறேன்: உடற்கல்வி மாணவர்களின் களப் பயிற்சியை மலைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு மாதக் கண்துடைப்பாக அல்ல, ஒரு பருவம் முழுவதும். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இந்த மலையில் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். விடியற்காலையும் சாயங்காலமும் கைவசம் இருக்கிறது. பயிற்சியாளனாகப் போகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? ஒரே பிள்ளையை 4 மாதம் தினமும் பார்க்கலாம். ஜூன் மாதம் எவ்வளவு தாண்டினான், அக்டோபரில் எவ்வளவு தாண்டுகிறான் என்று எழுதி வைக்கலாம். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்து மயங்குகிறது, எந்தப் பெண் குழந்தைக்கு ரத்தம் குறைவு என்பது தெரிய வரும். விளையாட்டுப் பயிற்சியில் பாதி இதுதான் என்று நம் வாலிபர் சொல்கிறார். வெறும் வயிற்றுப் பிள்ளையை ஓட விடுகிறவன் பயிற்சியாளன் அல்ல என்பது அவர் கட்சி. நான் ஒப்புக் கொண்டேன்.

மைதானம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 400 மீட்டர் ஓடுபாதை போட 176 மீட்டர் நீளமும் 92 மீட்டர் அகலமும் சமதளம் வேண்டும். கொல்லிமலையில் அவ்வளவு சமதளம் கிடைத்தால் அதில் யாராவது ரிசார்ட் கட்டி விடுவார்கள். ஆனால் கபடிக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் போதும். வாலிபாலுக்கு 18க்கு 9 போதும். நீளத் தாண்டலுக்கு ஓர் ஓடு வழியும் மணல் குழியும் போதும். கோணல் மாணலான இடத்தில் 100 மீட்டர் நேர்கோடு எப்படி எடுப்பது, 200 மீட்டர் பாதையில் உள் வரிசைக்கும் வெளி வரிசைக்கும் எப்படி முன்பின் வைத்துக் குறிப்பது என்று கற்றவன், எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் பிழைத்துக் கொள்வான். சிந்தெடிக் பாதையில் மட்டும் பழகியவன் நம் கிராமத்துப் பள்ளியைப் பார்த்ததும் திரும்பிப் போய் விடுவான்.

வில்வித்தையும் இருக்கிறது. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் செம்மேட்டில் சர்க்கார் செலவில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டி வைக்கிறார்கள். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியவன் என்று சங்கப் புலவர்கள் பாடிய மன்னன் பேரில் விழா. நல்லது. மன்னனுக்கு மாலை போட்டாகி விட்டது. அவன் மலையில் பிறந்த பிள்ளைக்கு வருஷத்தில் மற்ற நாட்களில் வில்லைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் போடுவது எப்போது?

இன்னொரு பேச்சையும் அடிக்கடி கேட்கிறேன்: "மலைப் பிள்ளைகள் இயற்கையிலேயே ஓட்டக்காரர்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டியிருக்கிறது?" புகழ்வது போல ஏமாற்றுகிற பேச்சு இது. மலைக் காற்றில் பயிற்சி என்று உலகத்தில் சொல்வதெல்லாம் 2,000 மீட்டருக்கு மேலே. கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர்தான். தலையில் விறகும் மரவள்ளியும் சுமந்து ஏறுகிற கால் உறுதியாக இருக்கும், வாஸ்தவம். அந்த உறுதி தடகளத்தில் பதக்கமாக மாற, பார்த்துப் பார்த்து வளர்க்கிற ஒரு கண் வேண்டும். பக்கத்து சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக் கொள்ளுங்கள். 5 வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை. தாயார் காய்கறி விற்றவர். 2016ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024ல் பாரிசில் வெண்கலம். இந்தப் பிள்ளை தாண்டுவான் என்று முதலில் கண்டவர் அவர் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். அந்தப் பள்ளியில் அன்றைக்கு அந்த ஆசிரியர் இல்லாதிருந்தால்? வாசலூர்பட்டியில் எத்தனை மாரியப்பன்கள் மிளகுக் கொடி ஏறிக் கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் யார்?

கியூபாவின் கதை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். கோடிப் பேர் அளவே உள்ள தீவு. புரட்சி முடிந்து 2 வருஷத்தில், 1961லேயே, விளையாட்டுக்கும் உடற்கல்விக்கும் ஒரு தேசிய ஸ்தாபனம் அமைத்தார்கள். பயிற்சியாளர்களைப் படிக்க வைத்து, ஊர் ஊராக வேலை கொடுத்து அனுப்பினார்கள். பதக்கங்கள் பிறகு வந்தன. தியோஃபிலோ ஸ்டீவன்சன் குத்துச் சண்டையில் 3 ஒலிம்பிக் தங்கம். மிஹாயின் லோபஸ் மல்யுத்தத்தில் 2008 முதல் 2024 வரை தொடர்ந்து 5 தங்கம். நம் நாட்டுக் குத்துச் சண்டை வீரர்களுக்குக் கற்றுக் கொடுக்க 1990ல் கியூபாவிலிருந்து பெர்னாண்டஸ் என்ற பயிற்சியாளர் வந்தார். 2012ல் நம் சர்க்கார் அவருக்குத் துரோணாச்சாரியார் விருது கொடுத்தது. அந்தத் தீவுக்கு ஆயிரம் கஷ்டங்கள் உண்டு. பொருளாதார முற்றுகையில் மருந்துக்குக்கூடத் தவிக்கிறது. நான் சொல்வது ஒன்றைத்தான். அங்கே முதலில் பயிற்சியாளனுக்கு வேலை கொடுத்தார்கள். இங்கே முதலில் கோப்பைக்குப் பேர் வைக்கிறார்கள்.

தோழர்களின் சந்தேகம்

இந்த யோசனையைக் கிளைக் கூட்டத்தில் நான் சொன்ன போது ஆசிரியர் சங்கத்துத் தோழர் ஒருவர் எழுந்து கடுமையாக எதிர்த்தார். "பயிற்சி மாணவனை மலைக்கு அனுப்பு என்று நீங்கள் கேட்டால், சர்க்கார் சந்தோஷமாக அனுப்பும். அப்புறம் ஆசிரியர் எதற்கு, மாணவனே போதும் என்று நிரந்தரப் பதவியை மூடி விடும். 16,549 பேருக்குச் செய்ததை மறந்து விட்டீர்களா?" என்றார்.

அவர் சொன்னது சரி. நான் அன்றைக்குப் பதில் சொல்லத் திணறினேன் என்பதை ஒளிக்கவில்லை. 2 வாரம் யோசித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். நிரந்தர உடற்கல்வி ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கு மட்டுமே பயிற்சி மாணவனை அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கட்டும். கற்பிக்க ஆளில்லாத இடத்தில் அவன் யாரிடம் கற்பான்? சின்னப் பள்ளிகளாக இருந்தால் 4, 5 பள்ளிகளைச் சேர்த்து ஓர் ஆசிரியர் போடட்டும்; அவர் சுற்றி வரட்டும்; அவருக்குக் கீழே மாணவர்கள் இருக்கட்டும். 100 பிள்ளைகள் என்ற கணக்கு மலைக்குச் செல்லாது என்று மாநில சர்க்கார் உத்தரவு போடலாம். மேலே கொடுக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் எங்கும் தடுக்கவில்லை. பதவி இல்லாத பள்ளிக்குப் பயிற்சி மாணவனும் இல்லை என்று ஆகி விட்டால், பயிற்சி வேண்டுமென்கிற பல்கலைக்கழகமே பதவி கேட்டு சர்க்காரை நெருக்க வேண்டி வரும். தனியார் பள்ளிக்கும் இதே நிபந்தனை. சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைக்காதவனுக்கு இலவச ஆள் கிடையாது.

உதவித் தொகை கட்டாயம். தங்க இடம் கட்டாயம். முக்கியமாகப் பெண் மாணவிகளுக்கு. மலையில் 8ம் வகுப்பு தாண்டிய பெண் குழந்தை மைதானத்துக்கு வருவதில்லை. ஆண் வாத்தியார் கூப்பிட்டால் தாயார் அனுப்ப மாட்டாள்; அக்கா ஒருத்தி விசிலோடு வந்து வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் அனுப்புவாள். பாதுகாப்பான அறையும் கக்கூசும் இல்லாமல் எந்தக் கல்லூரி தன் மாணவியை 70 வளைவுக்கு மேலே அனுப்பும்? அப்புறம், மலையில் பயிற்சி முடித்த காலத்தை வேலைக்கு எடுக்கும் போது மதிப்பெண்ணாகக் கணக்கிட வேண்டும். மலைப் பிள்ளைகளே உடற்கல்வி படித்திருந்தால், அவர்கள் மலையிலேயே பயிற்சி செய்ய முதல் உரிமை. இல்லாவிட்டால் இந்த ஏற்பாடும் சமவெளி மாணவன் ஒரு சீசனுக்கு வந்து அருவி பார்த்து விட்டுப் போகிற சுற்றுலாவாக முடியும்.

நம்மவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாலிபர் அமைப்புகள் பொங்கலுக்குக் கபடிப் போட்டி வைக்கின்றன. ஊர்ப் பெரிய மனிதரிடம் சுழற் கோப்பை வாங்கி, போட்டி முடிந்ததும் கொடியை இறக்கி விட்டுப் போய் விடுகிறோம். ஆடிய பிள்ளைக்குப் பல் உடைந்ததா, முழங்கால் பிசகியதா என்று மறுநாள் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. விளையாட்டு என்றால் கூட்டம் சேர்க்கிற வழி என்றுதான் நானும் 20 வருஷமாக நினைத்துக் கொண்டிருந்தேன். அது ஒரு தொழில் என்பதும், அந்தத் தொழிலாளிக்கும் கூலியும் மரியாதையும் வேண்டும் என்பதும் எனக்குச் சரக்கு வண்டியில்தான் புரிந்தது.

கலெக்டருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலூர்பட்டியிலும் செம்மேட்டிலும் கையெழுத்து வாங்கிக் கொண்டிருக்கிறோம். போன சனிக்கிழமை அந்த மேட்டு நிலத்தில் வைத்து நம் வாலிபரிடம் மனுவைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு, "ஒண்ணு விட்டுட்டீங்க அண்ணா" என்று பேனாவைத் திரும்ப வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'மைதானத்துக்குக் கோடு போட மாதம் 2 மூட்டை சுண்ணாம்பு.'